தலை தீபாவளிச் சீர்: நகையை அடகு வைக்காமல் செய்துமுடிக்க வழி உண்டா?

கரூர்த் தறி | ஜூன் 21, இரவு 9.40

வைகாசியில் மகளுக்குத் திருமணம் முடிந்தது. மருமகனுக்குச் சென்னையில் வேலை, சம்பந்தி வீடு குளித்தலை. கல்யாணப் பந்தல் பிரித்த கையோடு ஆடி வருகிறது, ஆடி முடிந்தால் தலை தீபாவளி, அப்புறம் கார்த்திகை, தைப்பொங்கல். எல்லாமே "தலை" என்பதால் எதையும் சின்னதாகச் செய்ய முடியாது என்று வீட்டில் பேச்சு.

நான் ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில் மேற்பார்வையாளர். கையில் வருவது 34,000. மனைவி தையலில் 7,000 வரை கொண்டுவருகிறாள். கல்யாணத்துக்கு வாங்கிய தனிநபர் கடனுக்குத் தவணை 13,500, வீட்டுச் செலவு 21,000. மிச்சம் 6,500.

தீபாவளிக்கு மனைவி போட்ட பட்டியல்: மாப்பிள்ளைக்கு மோதிரம் 65,000, மகளுக்குப் பட்டு 12,000, மாப்பிள்ளைக்கு உடை 5,000, சம்பந்தி வீட்டில் நால்வருக்குத் துணி 14,000, பலகாரம் 8,000, பட்டாசு 6,000, எங்கள் துணி 10,000, என் தங்கைக்கும் மற்றவர்களுக்கும் 5,000. மொத்தம் 1,25,000.

மனைவியின் சங்கிலி ஒன்று மீதமிருக்கிறது. அதை வைக்கலாம் என்கிறாள். மைத்துனன் கிரெடிட் கார்டில் வட்டியில்லாத் தவணை வாங்கித்தருகிறேன் என்கிறான். எனக்கு இரண்டும் பிடிக்கவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பழைய பேரேடு | ஜூன் 21, இரவு 10.25

கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். அறிவுரைக்கு முன் மூன்று கேள்விகள்.

ஆடிக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள்? பட்டியலில் காணோம்.

போனஸ் உண்டா, எப்போது கைக்கு வரும்?

மகள் கல்யாணத்து மொய் நோட்டை எடுத்துப் பார்த்தீர்களா? ஆடி கழிந்து ஆவணி பிறந்தால் முகூர்த்தங்கள் வரிசையாக வரும். உங்களுக்கு மொய் வைத்தவர்கள் வீட்டுப் பத்திரிகைகள் வந்து விழும். அதற்குப் பணம் எந்தத் தலைப்பில் இருக்கிறது?

கரூர்த் தறி | ஜூன் 22, காலை 6.50

ஐயா, மூன்றாவது கேள்வி தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. காலையில் நோட்டைப் புரட்டினோம். ஆவணி, ஐப்பசி இரண்டிலும் சேர்த்துப் பார்த்தால் திருப்பிச் செய்யவேண்டிய மொய் 7,000 வருகிறது. ஆடிக்கு மகளையும் மருமகனையும் அழைத்து விருந்து வைத்து, துணி எடுத்துக்கொடுக்க 10,000. போனஸாக ஒரு மாதச் சம்பளம் தருவது வழக்கம். அக்டோபர் கடைசி வாரத்தில் வரும்.

வைகைக்கரை | ஜூன் 22, காலை 9.15

கணக்கெல்லாம் சரி. ஆனால் தலை தீபாவளி வாழ்க்கையில் ஒருமுறை. மாப்பிள்ளை விரலில் மோதிரம் இல்லாமல் ஊர் திரும்பினால் நாளைக்குப் பேச்சு கேட்பது உங்கள் மகள்தான். சங்கிலி பெட்டியில் தூங்குவதற்கா இருக்கிறது? இப்படிப்பட்ட நேரத்துக்குத்தான் நகை. வைத்துச் செய்யுங்கள், ஒரு வருடத்தில் மீட்டுவிடலாம். மதுரைப் பக்கம் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தோம்.

காசாளர் ஜன்னல் | ஜூன் 22, மதியம் 1.30

வைகைக்கரை அண்ணா, நகைக்கடன் மேசையில் உட்கார்ந்திருப்பவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கடன்களில் நகைக்கடன் மோசமானதில்லை. வங்கியில் வைத்தால் வட்டி தனிநபர் கடனைவிடக் குறைவு. ஆனால் "ஒரு வருடத்தில் மீட்டுவிடலாம்" என்று வைப்பவர்களில் பலர் அடுத்த ஆண்டு வந்து வட்டியை மட்டும் கட்டி, அதே நகையை மறுபடி வைத்துவிட்டுப் போகிறார்கள். தீபாவளிக்கு முந்தைய வாரம் எங்கள் கிளையில் நகை வைக்க நிற்கும் வரிசை, தை மாதத்தில் மீட்க நிற்பதில்லை. இவருக்கு மாதம் மிச்சமே 6,500. அதில் எதைக் கொண்டு மீட்பார்?

மைத்துனரின் வட்டியில்லாத் தவணையையும் பார்த்துவிடலாம். வங்கி வட்டி போடாமல் இல்லை. அந்த வட்டி அளவுக்கு விற்பவர் விலையைக் குறைத்துக்கொள்கிறார், அவ்வளவுதான். 30,000 ரூபாய்ப் பொருளை ஆறு மாதத் தவணையில், 16 சதவீத வட்டியில் எடுத்தால் வட்டி சுமார் 1,350 ரூபாய். அது தள்ளுபடியாகத் திரும்பிவிடும். ஆனால் அந்த வட்டியின்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 243 ரூபாய் உங்கள் தலையில். செயலாக்கக் கட்டணம் 199 என்றால் அதற்கும் வரி. ஏறக்குறைய 480 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள்.

480 ரூபாயில் யாரும் மூழ்கிவிட மாட்டார்கள். தவணை ஓடும்போது அதே கார்டில் மளிகை, மருந்து, பெட்ரோல் என்று ஏறும். ஒரு மாதம் முழுத்தொகை கட்ட முடியாமல் குறைந்தபட்சத் தொகையைக் கட்டுவோம். அதோடு வட்டியில்லாக் காலம் போய்விடும், புதிதாக வாங்குவதற்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி. மாதம் 3.5 சதவீதம் என்று வையுங்கள். 40,000 நிலுவைக்கு ஒரு மாத வட்டி 1,400, அதன்மேல் ஜிஎஸ்டி 252. இங்கேதான் குடும்பங்கள் சிக்குகின்றன. அதுவும் கார்டு மைத்துனர் பெயரில் என்றால் உறவும் சேர்ந்து சிக்கும்.

பழைய பேரேடு | ஜூன் 22, மாலை 6.05

இனி கணக்குக்கு வருவோம்.

இந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. அதற்கு முன் ஜூன் கடைசி முதல் அக்டோபர் கடைசி வரை ஐந்து சம்பளம் வரும். ஐந்து 6,500 என்றால் 32,500. ஆடிக்கு 10,000, மொய்க்கு 7,000 கழித்தால் நிற்பது 15,500.

போனஸ் 34,000 வந்தால் அதில் பாதியை மறந்துவிடுங்கள். தீபாவளி முடிந்த சூட்டோடு கார்த்திகை, அதன்பின் பொங்கல் பானை, கரும்பு, அரிசி, மஞ்சள்குலை என்று அடுத்த சீர் நிற்கிறது. அந்தப் பாதி அதற்கு. மீதி 17,000 தீபாவளிக்கு. ஆக உங்கள் தீபாவளியின் எல்லை 32,500 ரூபாய்.

பட்டியல் 1,25,000, எல்லை 32,500. இதில் 500, 1,000 என்று ஒவ்வொன்றிலும் கிள்ளிக்கொண்டிருப்பதில் பயனில்லை. மோதிரம் பட்டியலில் இருக்கும்வரை எந்தக் கணக்கும் நேராகாது. அது இருக்கவேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று. போனஸ் உங்களுக்கு உரிமையா, வழக்கமா? 8.33 சதவீதக் குறைந்தபட்ச போனஸுக்குப் பழைய போனஸ் சட்டம் வைத்திருந்த சம்பள வரம்பு மாதம் 21,000. நீங்கள் அதைத் தாண்டியவர். நிறுவனம் மனமுவந்து தருகிறது, ஏற்றுமதி மந்தமானால் குறைக்கலாம். எனவே போனஸ் கைக்கு வரும்முன் அதை நம்பி யாரிடமும் கைமாற்று வாங்கிவிடாதீர்கள்.

வைகைக்கரை | ஜூன் 22, இரவு 8.20

கணக்கப்பிள்ளை சொல்வதைக் கேட்டால் எவனும் சீர் செய்ய முடியாது ஐயா. ஆடிக்கு அழைக்காத மாமியாரைத் தேடிப் பிடித்து அடி என்று பழமொழியே வைத்திருக்கிறார்கள்.

பொருநைப் பெண் | ஜூன் 22, இரவு 9.50

அண்ணாச்சி, ஆடிக்கு அழைக்கத்தான் சொன்னார்கள், அடகு வைத்து அழைக்கச் சொல்லவில்லை.

நான் சீர் வாங்கிய பக்கத்தில் இருந்தவள், அதனால் சொல்கிறேன். என் தலை தீபாவளிக்கு அப்பா வாங்கிய மோதிரம் என் கணவருக்கு இரண்டாவது மோதிரம். முதலாவதை நிச்சயத்தின்போதே போட்டாயிற்று. இரண்டையும் அவர் அணிவதில்லை. பட்டறையில் இயந்திரத்தோடு வேலை, விரலில் எதுவும் இருக்கக்கூடாது. பீரோவில் ஒரே டப்பாவில் இரண்டும் இருக்கின்றன. அப்பா அதற்காக யாரிடம் கடன் வாங்கினார் என்பது எனக்கு இரண்டு வருடம் கழித்து அம்மா மூலம்தான் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் வேண்டாம் என்று நானே நின்றிருப்பேன். தெரியக்கூடாது என்றுதானே மறைத்தார்.

கரூர் ஐயாவுக்கு ஒரு யோசனை. சம்பந்தியிடம் நீங்கள் நேரடியாகப் பேச வேண்டாம். "வசதி இல்லை" என்ற சொல் உங்கள் வாயிலிருந்து போனால் அது பத்து வருடத்துக்கு நிற்கும். மகளிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், அவள் கணவனிடம் சொல்லட்டும். மருமகன் தன் அம்மாவிடம் "எனக்கு மோதிரம் வேண்டாம், இருப்பதையே போடுவதில்லை" என்று சொன்னால் அது அவருடைய விருப்பமாக நின்றுவிடும். தொகையைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம், பொருளைப் பற்றி மட்டும் பேசட்டும்.

சாக்பீஸ் | ஜூன் 23, காலை 7.10

அரசுப் பள்ளி ஆசிரியன். எங்களுக்குப் பண்டிகை முன்பணம் உண்டு. 10,000 ஆக இருந்ததை 2025-இல் 20,000 ஆக உயர்த்தினார்கள். வட்டி கிடையாது, பத்துத் தவணையில் பிடிப்பார்கள். கேட்க இனிப்புதான். ஆனால் பத்து மாதம் பிடித்து முடித்து மூச்சு விடுவதற்குள் அடுத்த தீபாவளி வந்துவிடும், மறுபடியும் முன்பணம். பணிக்கு வந்த முதல் வருடம் வாங்கியதை ஓய்வு பெறும்வரை வாங்கிக்கொண்டே இருந்த சக ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். வட்டியில்லை என்பதால் யாருக்கும் உறுத்துவதில்லை. நான் இந்த ஆண்டு வாங்கவில்லை.

தென்னந்தோப்பு | ஜூன் 23, காலை 11.00

இதற்கெல்லாம் தீபாவளிச் சீட்டுதான் வழி என்று யாராவது வந்து சொல்வதற்குள் நான் முந்திக்கொள்கிறேன்.

எங்கள் தெருவில் ஒருவர் மாதம் 1,000 வீதம் பன்னிரண்டு மாதம் பிடித்தார். முடிவில் இனிப்புப் பெட்டி, பட்டாசுப் பெட்டி, எவர்சில்வர் அண்டா, வேட்டி சேலை, ஒரு வெள்ளிக்காசு. மதிப்பு 18,000 என்று நோட்டீஸில் போட்டிருந்தது. முதல் வருடம் ஒழுங்காகக் கொடுத்தார். நான் கொஞ்சம் துருவிப் பார்க்கிற ஆள். பட்டாசுப் பெட்டியின் விலை, பெட்டிமேல் அச்சடித்த விலை. சிவகாசியில் அச்சடித்த விலைக்கு யார் வாங்குகிறார்கள்? எண்பது சதவீதத் தள்ளுபடி என்று பலகை மாட்டித்தான் விற்கிறார்கள். இனிப்பை அட்டைப் பெட்டியோடு சேர்த்து எடை போட்டிருந்தார்கள். வெள்ளிக்காசு இரண்டு விரலுக்கு இடையில் வளைந்தது. கூட்டிப் பார்த்தால் நாம் கட்டிய 12,000 வந்தாலே பெரிது.

மறு வருடம் அதுவும் வரவில்லை. ஐப்பசி பிறந்ததும் ஆளைக் காணவில்லை. தெருவில் பாதி வீடுகளின் பணம் போயிற்று. புகார் கொடுத்தோம், பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குப் போனது, அங்கேயே இருக்கிறது.

சேர நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். முறையான ஏலச்சீட்டு 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவாளரிடம் பதிவாகி இருக்கவேண்டும். பதிவு எண் கேட்டால் காட்டவேண்டும். தீபாவளிப் பெட்டிச் சீட்டு பெரும்பாலும் அந்த வகையே இல்லை. ஒருவர் நோட்டுப் போட்டு ஊரார் பணத்தை வாங்கி வைத்துக்கொள்வது, அவ்வளவுதான். முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்ய 2019-இல் சட்டமே வந்தாயிற்று. பிறகும் அட்டையில் லட்சுமி படம் போட்டு வருகிறார்கள்.

கரூர்த் தறி | ஜூன் 23, இரவு 9.05

மனைவி பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தாள். மோதிரம் பற்றிய பதிவை இரண்டு முறை படிக்கச் சொன்னாள். மகளிடம் ஞாயிறன்று பேசுவதாகச் சொல்லியிருக்கிறாள். மோதிரம் இல்லாவிட்டாலும் பட்டியல் 60,000 நிற்கிறதே, அதை எப்படி 32,500-க்குள் அடக்குவது?

நெசவாளி மகள் | ஜூன் 23, இரவு 10.40

கரூரில் ஜவுளியில் இருந்துகொண்டு துணிக்கு வழி கேட்கிறீர்களே அண்ணா! ஈரோட்டுக்காரி சொல்கிறேன்.

தீபாவளித் துணியைத் தீபாவளிக்கு எடுக்காதீர்கள். ஆடித் தள்ளுபடியில் வேட்டி, சட்டைத் துணி, பருத்திச் சேலைகளை எடுத்து வையுங்கள். ஆடியில் எடுத்ததைக் கொடுக்கக்கூடாது என்று யாராவது சொன்னால், எடுத்த மாதத்தைச் சேலையில் எழுதியா வைத்திருக்கிறது? விலைச்சீட்டைக் கிழித்துவிட்டுக் கொடுங்கள். திங்கள் இரவு ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்கு வந்தால் மொத்த விலைக்கே நாலைந்து உருப்படி வாங்கலாம். சில்லறைக்குத் தரமாட்டேன் என்று முதலில் முறைப்பார்கள், நின்றால் தருவார்கள். இருட்டில் வாங்குவதால் சேலையை விரித்து முந்தானையைக் கடைசிவரை பாருங்கள், கறை இருந்தால் அங்கேதான் மடித்து வைத்திருப்பார்கள்.

மகளுக்குப் பட்டு என்றால் கோ-ஆப்டெக்ஸ். தீபாவளிக்கு 30 சதவீதத் தள்ளுபடி வழக்கமாகத் தருகிறார்கள். 9,300 போட்ட பட்டு 6,500-க்கு வரும். கடைசி வாரம் போனால் நல்ல நிறங்கள் போயிருக்கும், தள்ளுபடி தொடங்கிய முதல் சில நாள்களிலேயே போய்விடுங்கள்.

சம்பந்தி வீட்டு நால்வருக்கும் 3,500 வீதம் எடுக்க நினைத்திருக்கிறீர்கள். சம்பந்தியம்மா சேலையை மட்டும் சற்றுத் தூக்கலாக எடுங்கள், மற்றவர்களுக்குச் சாதாரணமாகப் போதும். வீட்டுக்கு வருகிறவர்கள் பார்ப்பது அந்த ஒரு சேலையைத்தான்.

பழைய பேரேடு | ஜூன் 24, காலை 6.30

பலகாரத்துக்கு 8,000 அதிகம். முறுக்கும் அதிரசமும் வீட்டில் சுடுங்கள், கடை இனிப்பு இரண்டு கிலோ போதும். பட்டாசு வெடிக்கக் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம்தான் அனுமதி. 6,000 ரூபாய்க்கு வாங்கி எப்போது கொளுத்தி முடிப்பீர்கள்?

பணத்தைச் சம்பளக் கணக்கிலேயே விட்டுவைக்காதீர்கள். மனைவி பெயரில் ஏடிஎம் கார்டு இல்லாத ஒரு சேமிப்புக் கணக்குக்கு, சம்பளம் வந்த மறுநாளே 6,500 போகட்டும். மாதக் கடைசியில் மிஞ்சுவதைப் போடுகிறேன் என்றால் மிஞ்சாது.

மஞ்சள்பை | ஜூன் 24, காலை 10.10

அடுத்த வருடத்துக்கு இப்போதே நகைக்கடையின் பதினோரு மாதத் திட்டத்தில் சேரலாமே? சேதாரமும் கிடையாது என்கிறார்கள்.

காசாளர் ஜன்னல் | ஜூன் 24, மதியம் 2.00

எப்படியும் நகை வாங்கித்தான் தீரவேண்டும் என்றால் சேரலாம். சேதாரச் சலுகைக்கு மேல்வரம்பு இருக்கும், அதை அட்டையின் பின்பக்கம் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள், படியுங்கள். 3 சதவீத ஜிஎஸ்டி எப்படியும் உண்டு. பதினோரு மாதம் என்று வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது: பொருளுக்காக வாங்கும் முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகக் கொடுத்துவிடவேண்டும், தாண்டினால் அது வைப்புத்தொகை ஆகிவிடும். கடை மூடினால் உங்கள் பணத்துக்குக் காப்பீடு இல்லை. வங்கி வைப்புக்கு 5 லட்சம் வரை உண்டு.

பணமாகச் சேர்ப்பதென்றால் வங்கியில் தொடர் வைப்பு. அஞ்சலகத் தொடர் வைப்பு ஐந்தாண்டுத் திட்டம், வருடாந்திரச் செலவுக்குப் பொருந்தாது. நாளையும் கவனியுங்கள். இந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 8. அடுத்த ஆண்டு அக்டோபர் கடைசியிலேயே வந்துவிடும். இந்தத் தீபாவளி முடிந்து பன்னிரண்டு மாதத்துக்குப் போட்டீர்கள் என்றால் பண்டிகை முடிந்தபின்தான் பணம் வரும். தைப்பொங்கல் கழித்து ஒன்பது மாதத்துக்குப் போட்டால் சரியாக அக்டோபரில் முதிரும்.

கரூர்த் தறி | ஜூலை 5, இரவு 8.45

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மகள் பேசினாள், மருமகன் தன் அம்மாவிடம் சொல்லிவிட்டார். நிச்சயத்தில் போட்ட மோதிரமே இறுக்கமாக இருக்கிறது என்றாராம். சம்பந்தியம்மாவுக்கு முழு மனமில்லை. "சரி, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்" என்றிருக்கிறார். அந்த அடுத்த வருடத்தை நினைத்து மனைவிக்கு இப்போதே கவலை.

புதுப் பட்டியல்: மகளுக்குப் பட்டு 6,500, மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை 3,000, சம்பந்தி வீட்டுத் துணி 7,000, பலகாரம் 4,500, பட்டாசு 2,500, எங்கள் துணி 4,500, தங்கைக்கும் மற்றவர்களுக்கும் 4,500. கூட்டினால் 32,500. ஜூன் சம்பளத்தில் 6,500 தனிக் கணக்குக்குப் போய்விட்டது. சங்கிலி மனைவியின் கழுத்தில்.

வைகைக்கரை | ஜூலை 5, இரவு 9.30

தங்கைக்குக் குறைத்துவிட்டீர்களே ஐயா, 5,000 போட்டிருந்தீர்கள். பிறந்த வீட்டுச் சீரில் கை வைக்கவேண்டுமா? உங்கள் துணியில் 500 குறையுங்கள். மோதிரம் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை.

கரூர்த் தறி | ஜூலை 5, இரவு 9.42

அது நியாயம்தான் அண்ணா. மாற்றிவிடுகிறேன்.

சாக்பீஸ் | ஜூலை 6, காலை 7.00

மகளும் மருமகனும் சென்னையிலிருந்து வரவேண்டுமே, பயணச் செலவு யாருடையது? ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் தொடங்குகிறது. நவம்பர் 6 வெள்ளி இரவு வண்டிக்கு செப்டம்பர் 7 காலை எட்டு மணிக்குத் திறக்கும். சில நிமிடம் தவறினால் காத்திருப்போர் பட்டியல்தான், பிறகு ஆம்னி பஸ்ஸில் பண்டிகைக் கட்டணம்.

கரூர்த் தறி | ஜூலை 6, காலை 7.25

வரும் டிக்கெட்டை மருமகன் பார்த்துக்கொள்கிறார். திரும்பும் டிக்கெட் நாங்கள் எடுப்பதுதான் முறை என்கிறாள் மனைவி. அதைப் பட்டியலில் சேர்க்கவில்லை. பட்டாசில் இன்னும் 500 கழித்துப் பார்க்கிறேன்.